கொழும்பைப் பிள்ளையின் நடையில் பாருங்கள்



லீவு கிட்ட வந்துவிட்டது. கொழும்புக்குப் போகிற பேச்சு வீட்டுக்கு வீடு கேட்கிறது. கூடவே இன்னொரு பேச்சும் கேட்கிறது: "சின்னதை உம்மும்மாட்ட விட்டுட்டுப் போவம், அதையும் தூக்கிக்கிட்டு யார் அலையிற?"

இரண்டு வயதுப் பிள்ளையைக் கொழும்புக்குக் கொண்டு போக நமக்குத் தெரிந்த காரணங்கள் இரண்டுதான். ஒன்று லேடி றிஜ்வே ஆஸ்பத்திரி. மற்றது கல்யாணத்துக்கு உடுப்பெடுக்கப் புறக்கோட்டை. இரண்டிலும் பிள்ளை ஒரு சாமான். தூக்குகிறோம், இழுக்கிறோம், மடியில் அமுக்கி வைக்கிறோம். பின்னேரம் அது கத்தி அழுதால், "சரியான கரைச்சல் புடிச்ச புள்ள" என்று பெயரும் வைக்கிறோம்.

சின்னதைக் கட்டாயம் கூட்டிப் போங்கள், அதுவும் நடத்திக் கூட்டிப் போங்கள் என்பதுதான் எங்கள் கட்சி. நாங்கள் இருவரும் மகளோடு சில தடவை இப்படிப் போய் வந்திருக்கிறோம். ஒரு நாளைக்கு ஒரு இடம், கூடினால் இரண்டு. ஆறு இடம் பார்க்க நினைக்கிறவர்கள் பிள்ளையை உம்மும்மாவிடமே விட்டுவிடலாம், அது பிள்ளைக்கும் நல்லது.

அவிசாவளை வரை பஸ், அங்கிருந்து ரயில். பஸ்ஸைவிட மெதுவானதுதான். ஆனால் காலையில் வேலைக்குப் போகிற கூட்டம் இறங்கிய பிறகு வரும் ரயிலில் பிள்ளை இருக்கைகளுக்கு நடுவே நடக்கலாம். பாதுக்கை, ஹோமாகமை, மகரகமை என்று ஒவ்வொரு நிலையமும் அதற்கு ஒரு தனி ஊர். ஒரு காலத்தில் இந்தக் களனிவெளிப் பாதையில் சின்ன ரயில் நம் யட்டியாந்தோட்டைக்கே வந்தது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தத் துண்டை மூடிவிட்டார்கள். மூத்தவர்களிடம் கேட்டால் தங்கள் வாப்பாமார் சொன்ன கதை வரும்.

புறக்கோட்டையைப் பற்றி நேராகவே சொல்கிறோம். பகல் பதினொரு மணிக்கு இரண்டாம் குறுக்குத் தெருவில் சிறு பிள்ளையை நடக்க விடாதீர்கள். கைவண்டிக்காரரும் மூட்டை தூக்குகிறவரும் அவர்கள் பிழைப்பைப் பார்க்கிறார்கள். அவர்கள் கண்ணுக்குக் கீழே நிற்கும் பிள்ளையை அவர்கள் காணமாட்டார்கள். 1909 இல் கட்டி முடிந்த சிவப்புப் பள்ளியைக் காட்டத்தான் வேண்டுமென்றால் கடைகள் திறக்க முன்னர் போங்கள். சிவப்பும் வெள்ளையுமான அந்தக் கோடுகளை விரலால் தொட்டுத் தொட்டு நடக்கவே பிள்ளைக்கு அரை மணி போதாது.

நடக்க நல்ல இடம் விகாரமகாதேவி பூங்கா. வெள்ளைக் கூரைக் கோளத்தோடு நிற்கும் மாநகர சபைக் கட்டடத்தின் முன்னால் தொடங்கி, பூங்காவுக்குள்ளாலே மறுபக்கம் வந்தால் நூதனசாலை. பெரியவருக்குப் பத்துப் பதினைந்து நிமிட நடை. எங்கள் மகளுக்கு இரண்டு மணித்தியாலம். எறும்பு, உதிர்ந்த பூ, தண்ணீர்க் குழாய், படுத்திருந்த நாய், பிறகு திரும்பவும் அதே எறும்பு. 1877 இல் திறந்த நூதனசாலைக்கு வந்தபோது உள்ளே இருக்கும் அரசரின் சிம்மாசனத்தைவிட முற்றத்து மரத்தின் வேர்தான் அவளுக்குப் பெரிதாகப் பட்டது. நாங்களும் உள்ளே போகவில்லை, வேரிலேயே உட்கார்ந்து இடியப்பம் சாப்பிட்டோம்.

அஸருக்குப் பிறகு காலிமுகத்திடல். உச்சி வெயிலில் அங்கே ஒரு நிழலும் இல்லை. அங்கே கடலோரமாக ஒரு கல் இருக்கிறது, இஸ்ஸோ வடைக்குப் போகிறவர்கள் அதைக் கவனிப்பதில்லை. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த நடைபாதை அது. கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணும்படி தனக்குப் பின்னால் வரும் ஆளுநர்களைக் கேட்டு அந்தக் கல்லில் எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். அவர் மனதில் இருந்தது பெரும்பாலும் வெள்ளைக்காரக் குடும்பங்கள்தான் என்பது வேறு கதை. ஆனாலும் நடக்கிற பிள்ளையை நினைத்து ஒரு நகரத்தில் இடம் ஒதுக்க வேண்டும் என்று அன்றைக்கே எழுதியிருக்கிறது.

அந்தக் கல்லை விட்டு வீதிக்கு வந்தால் அந்த நினைப்பு எங்கே போனது என்று கேட்கத் தோன்றும். நடைபாதையில் மோட்டார் சைக்கிள். கான் மூடி ஒன்று உடைந்திருந்தால் பெரியவர் தாண்டிவிடுவார், பிள்ளையின் கால் உள்ளே போய்விடும். மஞ்சள் கடவையில் பாதி தூரம் போகும்போதே பின்னால் ஹோர்ன். இரண்டு வயதுப் பிள்ளையின் உயரம் மூன்று அடிக்கும் குறைவு. பஸ்ஸின் புகைக் குழாய் எந்த உயரத்தில் இருக்கிறது என்று பிள்ளையின் பக்கத்தில் குந்திப் பாருங்கள்.

இது இப்படித்தான் இருக்கும் என்று விதியில் எழுதவில்லை. இன்றைக்கு சைக்கிளுக்குப் பேர்போன நெதர்லாந்தில் 1971 ஆம் ஆண்டு மட்டும் 400 க்கும் மேற்பட்ட சிறுவர்கள் வீதி விபத்தில் இறந்தார்கள். பெற்றோர் தெருவில் இறங்கினார்கள், வருடக்கணக்காகக் கேட்டார்கள், வீதிகள் மாறின. ஸ்பெயினில் பொன்டெவேத்ரா என்ற ஊர் 1999 முதல் நகர நடுவில் வாகனங்களைக் குறைத்துக்கொண்டே வந்தது. அங்கே பிள்ளைகள் பள்ளிக்கூடத்துக்கு நடந்தே போகிறார்கள்.

இவ்வளவு தூரம் ஏன் போகிறோம்? நம் பஸாரிலேயே ஹட்டன் பஸ்ஸும் லொறியும் வளைந்து வருகிற நேரத்தில் ஒரு உம்மா பிள்ளையோடு வீதியைக் கடப்பதைப் பார்த்திருப்பீர்கள். சுற்றாடல் பாடத்தில் நாங்கள் வீதி ஒழுங்கு படிப்பிக்கிறோம். நடைபாதை இல்லாத இடத்தில் வலப்பக்கமாக, வாகனத்தை எதிர்நோக்கி நட என்கிறோம். பிள்ளை தலையாட்டும். ஆனால் அதுவரை அது வீதியில் நடந்ததே இல்லை, த்ரீவீலில்தான் வந்து போயிருக்கும். காலுக்குத் தெரியாததைக் கரும்பலகையில் எழுதி என்ன செய்வது?

வாப்பாமாருக்கு ஒரு வார்த்தை, கோபப்படாதீர்கள். கொழும்பில் நாங்கள் கண்ட குடும்பங்களில் முக்கால்வாசியில் வாப்பா போனோடு நாலடி முன்னால். உம்மா ஒரு கையில் பேக், மறுகையில் பிள்ளை, அபாயாவின் ஓரம் காலில் தடுக்கத் தடுக்கப் பின்னால். பிள்ளையின் கையைப் பிடிக்க வேண்டியவர் முன்னால் போகிறவர்தான். வீதிப் பக்கம் நீங்கள், உள்பக்கம் பிள்ளை. பிள்ளை நின்றால் நீங்களும் நில்லுங்கள்.

கடைசியாகச் சில விடயங்கள். ரயில் நேரத்தை அவிசாவளை நிலையத்தில் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள், ஞாயிற்றுக்கிழமை நேரம் வேறு. பெண்கள் தொழவும் பிள்ளைக்கு உடுப்பு மாற்றவும் இடமுள்ள பள்ளி எதுவென்று தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள், எல்லோருக்கும் உதவும். தள்ளுவண்டி வேண்டாம், கான் மூடிகளில் சில்லு மாட்டும். மாற்று உடுப்பு ஒன்று போதாது, இரண்டு எடுங்கள்.