தலைக்குத் தண்ணி ஊற்றினால் முடிந்துவிடுமா?

2020 ஜூலையில் மும்பையின் மாட்டுங்கா, செம்பூர், தஹிசர் வட்டாரங்களில் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம், நிதி ஆயோக், மும்பை மாநகராட்சி எல்லாம் சேர்ந்து நடத்திய ஆய்வு. குடிசைப் பகுதிகளில் 57 சதவீதம் பேருக்குக் கொரோனா வந்துபோனதற்கான ஆன்டிபாடி இருந்தது. குடிசையல்லாத பகுதிகளில் 16 சதவீதம். “நம்ம ஆளுங்க உடம்பு கெட்டி” என்று அன்று கிளம்பிய பெருமை, ஆய்வில் இடம்பெறாத தாராவியையும் தன்னோடு சேர்த்துக்கொண்டது.

இது கொரோனாவோடு பிறந்த எண்ணம் அல்ல. சளிக்காய்ச்சல் நெஞ்சோடு நிற்கும், வந்துபோனால் உடம்பு இன்னும் கெட்டிப்படும் என்று தாராவியின் தொண்ணூறு அடி ரோட்டிலும் சொல்கிறார்கள், மாட்டுங்காவின் படித்த வீடுகளிலும் சொல்கிறார்கள். இரண்டு பாதியுமே தவறு.

மூளையைத் தொந்தரவு செய்ய வைரஸ் அதற்குள் நுழைந்தாக வேண்டியதில்லை. தொற்றை எதிர்க்க உடம்பு சுரக்கும் சைட்டோகைன்கள் ரத்தத்தில் கலக்கின்றன. அவற்றின் தாக்கத்தில் மூளையின் காவல் செல்களான மைக்ரோகிளியா உசுப்பப்படுகின்றன. காய்ச்சல் விட்ட பிறகும் சிலருக்கு அவை அடங்குவதில்லை. பிரிட்டனில் 785 பேருக்கு இரண்டு முறை மூளை ஸ்கேன் எடுத்தார்கள். இடையில் கொரோனா வந்த 401 பேருக்கு, வாசனையோடு தொடர்புள்ள பகுதிகள் மற்றவர்களைவிடச் சற்றே கூடுதலாகச் சுருங்கியிருந்தன. அவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆஸ்பத்திரியில் படுக்காதவர்கள். எல்லாரும் ஐம்பதைத் தாண்டியவர்கள்தானே என்று கேட்கலாம். நியாயம். குழந்தைகளுக்கு வருவோம்.

மணல்வாரி என்று திருநெல்வேலிக்காரர்கள் சொல்லும் தட்டம்மையும் மூச்சுக்காற்றில் பரவும் வைரஸ்தான். தோலில் தெரிவதால் அதைத் தோல் சமாசாரம் என்று நினைத்துவிட்டோம். வேப்பிலை செருகி, வெளியாளை உள்ளே விடாமல் வைக்கும் வழக்கத்தை நான் பழிக்க மாட்டேன். தனிமைப்படுத்துவது நல்ல வைத்தியம். ஆனால் ஒரே அறையில் எட்டுப் பேர் படுக்கும் வீட்டில் யாரைத் தனிமைப்படுத்துவது? அதைவிடப் பெரிய சிக்கல், அம்மை இறங்கித் தலைக்கு மூன்றாம் தண்ணி ஊற்றியதும் கணக்கை முடித்துவிடுவது.

வைரஸ் முடிப்பதில்லை. தட்டம்மை வந்தவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கு அப்போதே மூளை வீங்குகிறது. வேறு சிலருக்கு அது மூளையில் பதுங்கி, பெரும்பாலும் ஆறு முதல் பத்து ஆண்டு கழித்துக் கிளம்பும். எஸ்எஸ்பிஇ என்று பெயர். நன்றாகப் படித்த பிள்ளை மார்க்கில் சரிவான், குணம் மாறும், பிறகு கைகால் வெட்டி இழுக்கும். குணப்படுத்தும் மருந்து இல்லை, ஏறக்குறைய எல்லாருமே இறந்துபோகிறார்கள். கலிபோர்னியாவில் கணக்கெடுத்தபோது, ஒரு வயதுக்குள் தட்டம்மை வந்தவர்களில் 609-க்கு ஒருவர் என்று வந்தது. அரிதுதான். “எனக்கும்தான் வந்துச்சு, நல்லாத்தானே இருக்கேன்” என்பவர் மீதி 608-இல் ஒருவர். பேச அவர் இருக்கிறார்.

கெட்டிப்படுவது? 2019-இல் வெளியான ஆய்வு ஒன்றில் நெதர்லாந்தில் தடுப்பூசி போடாத 77 குழந்தைகளின் ரத்தத்தைத் தட்டம்மைக்கு முன்னும் பின்னும் பார்த்தார்கள். மற்ற கிருமிகளுக்கு எதிராக அதுவரை சேர்த்திருந்த ஆன்டிபாடிகளில் 11 முதல் 73 சதவீதம்வரை அழிந்திருந்தன. சேமிப்பைத் திருடிப்போனவனுக்கு நாம் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

2022 கடைசியில் செம்பூரை ஒட்டிய கோவண்டியில் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். வழக்கமாக முதல் ஊசி ஒன்பதாம் மாதத்தில். அந்த நேரத்தில், கைக்குழந்தைகளுக்கும் நோய் அதிகம் வந்த இடங்களில் ஆறு மாதத்திலேயே ஒரு டோஸ் போடச் சொன்னது மத்திய அரசு. வீடுவீடாக வந்த சுகாதாரப் பணியாளர்களை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய வீடுகளும் இருந்தன.

அன்று நோய் கண்டு பிழைத்த கைக்குழந்தைகள் இப்போதுதான் பள்ளிக்கூடம் போகிற வயதுக்கு வருகிறார்கள். அவர்களில் ஒரு பிள்ளைக்குத் தெரிந்த எழுத்தும் மறக்கத் தொடங்கினால், “படிப்பு ஏறல” என்று டியூஷனை மாற்றாதீர்கள். சயான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், கைக்குழந்தையில் மணல்வாரி வந்தது என்று டாக்டரிடம் சொல்லுங்கள்.