ஆலயப் பட்டியல் ஆலயத்திலேயே இருக்கட்டும்

ஆலயத் தொண்டு செய்றவங்களுக்கு ஒரு வேண்டுகோள்.

உபயதாரர் பட்டியல், திருப்பணி நன்கொடைக் கணக்கு, அர்ச்சனைக்குக் கொடுத்த பேர், நட்சத்திரம், போன் நம்பர் எல்லாம் பல ஆலயங்கள்ல யாரோ ஒருத்தரோட சொந்த மின்னஞ்சல் கணக்குலதான் கிடக்குது. நிர்வாகம் மாறினா பட்டியலும் அவரோடயே போயிடும். எங்க ஆலயத்திலும் அதுதான் நடந்துச்சு. பாஸ்வர்டு கேட்டு மூணு மாசம் அலைஞ்சோம்.

இப்போ அலுவலகத்துல சும்மா கிடந்த பழைய கணினியில நெக்ஸ்ட்கிளவுட் போட்டிருக்கோம். 2016-ல் வந்த இலவச மென்பொருள். கவுண்ட்டர்ல ஒரு பேரைச் சேர்த்தா, செயலாளர் மடிக்கணினியிலும் அந்தப் பட்டியல் தானா மாறிடும். மாசக் கட்டணம் கிடையாது. பக்தர்கள் விவரம் நம்ம கூரைக்குள்ளேயே இருக்கு.

ஆனா, சொந்த சர்வர் வந்துட்டா கவலை தீர்ந்துச்சுன்னு நினைக்காதீங்க. ஒருத்தர் தெரியாம ஒரு கோப்பை அழிச்சா எல்லாக் கணினியிலும் அது அழிஞ்சிடும். கொஞ்ச நாளைக்குள்ள பார்த்தா குப்பைத் தொட்டியிலிருந்து மீட்கலாம். கணினியே கெட்டுப்போனா? அதனால வாரம் ஒருமுறை தனி ஹார்ட் டிஸ்க்ல நகல் எடுத்து, பொருளாளர் வீட்டு அலமாரியில பூட்டி வைக்கிறோம். அப்டேட்டையும் தள்ளிப்போடக் கூடாது. பழைய மென்பொருள், தாழ்ப்பாள் போடாத கதவு மாதிரி.

முக்கியமா, சர்வர் பாஸ்வர்டு ரெண்டு பேருக்காவது தெரியணும். உண்டியல் திறக்கும்போது நாலு பேர் கூட நிக்கிறோம். பட்டியலுக்கு மட்டும் ஒரே ஆள் போதுமா? அடுத்த நிர்வாகக் கூட்டத்துல இதைப் பேசுங்க.