'எட்டு ஜி.பி. கொடுங்கள்' என்று கேட்டால் போதுமா?

கோலார் தங்கவயலில் சுரங்கங்கள் 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் தேதி மூடப்பட்டன. அதன் பின்னர் இங்குள்ள பல குடும்பங்களுக்குச் சோறு போடுவது பெங்களூர் ரயில்தான். மாரிக்குப்பத்திலும் சாம்பியனிலும் உரிகத்திலும் விடியுமுன் வண்டி ஏறி, இருட்டிய பின் வீடு திரும்பும் தொழிலாளர்களும் குமாஸ்தாக்களும் தங்கள் பிள்ளைகளாவது படித்து முன்னேறட்டும் என்றுதான் பாடுபடுகிறார்கள். படிப்புக்கு இன்று கம்ப்யூட்டர் வேண்டியிருக்கிறது. புதிது வாங்கக் கையில் பணமில்லாதவர்கள், அலுவலகங்கள் கழித்துவிட்ட பழையதை வாங்கி வீட்டில் வைக்கிறார்கள். இதில் குறை சொல்ல எதுவுமில்லை.

பழைய கம்ப்யூட்டர் நாளடைவில் மந்தமாகிறது. "மெமரி பற்றவில்லை, ராம் சேர்த்தால் சரியாகிவிடும்" என்று யாரோ சொல்கிறார்கள். உடனே கடைக்குப் போய் "எட்டு ஜி.பி. ராம் கொடுங்கள்" என்று கேட்கிறார்கள். இங்கேதான் பணம் வீணாகிறது. துணிக்கடையில் "சட்டை கொடுங்கள்" என்று மட்டும் சொல்லி, அளவு சொல்லாமல் வாங்கி வருகிறவர் உண்டா? மெமரியை மட்டும் அப்படி வாங்குவது ஏன்?

அகலப் பாதையும் குறுகிய பாதையும்

பங்காரப்பேட்டை ரயில் நிலையத்தை அறிந்த பெரியவர்களுக்கு இதை எளிதில் விளக்கலாம். பங்காரப்பேட்டையிலிருந்து மாரிக்குப்பத்துக்கு வருவது அகலப் பாதை. அதே பங்காரப்பேட்டையிலிருந்து கோலாருக்குப் போனதோ பல்லாண்டு காலம் 2 அடி 6 அங்குலக் குறுகிய பாதை. இரண்டும் ரயில்தான், இரண்டும் இரும்புப் பாதைதான். ஆனால் ஒன்றின் வண்டி மற்றதில் ஓடாது. பயணிகள் இறங்கித்தான் மாறவேண்டும்.

மெமரியின் கதையும் இதுவே. டி.டி.ஆர்.2, டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்று தலைமுறைகள் உள்ளன. டி.டி.ஆர்.3 2007-இல் வந்தது, டி.டி.ஆர்.4 2014-இல் விற்பனைக்கு வந்தது, டி.டி.ஆர்.5-க்கான விதிமுறை 2020-இல் வெளியாயிற்று. ஒன்றுக்காகச் செய்த பலகையில் மற்றொன்று வேலை செய்யாது. மின்னழுத்தமும் வேறு: டி.டி.ஆர்.2-க்கு 1.8 வோல்ட், 3-க்கு 1.5, 4-க்கு 1.2, 5-க்கு 1.1.

ஊசிகளை எண்ணிப் பார்த்தாலும் போதாது. மேஜைக் கம்ப்யூட்டருக்கான 2-க்கும் 3-க்கும் 240. 4-க்கும் 5-க்கும் 288. அடியில் உள்ள வெட்டு இருக்கும் இடம்தான் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. தப்பித்தவறி மாற்றிச் செருகக்கூடாது என்பதற்காகவே அந்த வெட்டை வைத்தார்கள். அதையும் மீறி விரலால் அழுத்தித் திணித்தால் பள்ளமே உடையும். அப்புறம் ராம் விலையோடு பலகை விலையும் சேர்ந்து போகும்.

மலிவு விலையில் ஒரு பொறி

தலைமுறை சரியாக இருந்தாலும் தீரவில்லை. மேஜைக் கம்ப்யூட்டருக்கு நீளமான துண்டு. மடிக் கம்ப்யூட்டருக்குக் குட்டைத் துண்டு. மடிக் கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் மெமரியைப் பலகையிலேயே பற்றவைத்திருப்பார்கள். அவற்றில் சேர்க்கவே இடமிராது. டி.டி.ஆர்.3 காலத்து மடிக் கம்ப்யூட்டர்கள் சில, 1.35 வோல்ட்டில் ஓடும் 'எல்' வகையை மட்டுமே ஏற்கும்.

எல்லாவற்றினும் பெரிய பொறி 'சர்வர்' மெமரி. பெரிய நிறுவனங்களின் சர்வர்களிலிருந்து கழித்த 'ரெஜிஸ்டர்டு' வகைத் துண்டுகள் பழைய சந்தையில் மலிவாகக் கிடைக்கின்றன. பார்வைக்கு அதே நீளம், அதே வெட்டு. பள்ளத்தில் ஒழுங்காக உட்காரும். ஆனால் வீட்டுக் கம்ப்யூட்டர் உயிர் பெறாது. "பாதி விலைக்குக் கிடைத்தது" என்று மகிழ்ந்து வந்தவர், மறுநாள் பெங்களூருக்கு ஒரு நாள் சம்பளத்தையும் இழந்து திரும்பிப் போகவேண்டும்.

இதைத் துண்டின் மேலுள்ள சீட்டிலேயே கண்டுகொள்ளலாம். 'பி.சி.3' என்றிருந்தால் டி.டி.ஆர்.3; 'பி.சி.4' என்றிருந்தால் டி.டி.ஆர்.4. டி.டி.ஆர்.3 சீட்டில் 12800 என்றிருந்தால் அதை 8-ஆல் வகுக்க வேண்டும். 1600 வரும், அதுவே வேகம். அந்த எண்ணை அடுத்து 'யு' என்ற ஆங்கில எழுத்து இருந்தால் வீட்டு மேஜைக் கம்ப்யூட்டருக்கானது. 'எஸ்' என்றால் மடிக் கம்ப்யூட்டருக்கானது. 'ஆர்' என்றால் சர்வருக்கானது, தொடவேண்டாம்.

பலகை எவ்வளவு தாங்கும்?

ஒவ்வொரு பலகைக்கும் ஓர் எல்லை உண்டு. பழைய மேஜைக் கம்ப்யூட்டர்களில் அதிகம் காணப்படும் ஜி-31 வகைப் பலகை 4 ஜி.பி. வரைதான் ஏற்கும். ஜி-41 வகைக்கு 8. எச்-61 வகைக்கு 16. எல்லைக்கு மேல் வாங்கினால் காசுக்குக் கேடு. விண்டோஸ் 32 பிட் வகையாக இருந்தாலும் 4 ஜி.பி.க்கு மேல் பயன் தராது.

வேகம் குறித்து அவ்வளவு அஞ்ச வேண்டியதில்லை. ஒரே தலைமுறையில் வேகமான துண்டையும் மெதுவானதையும் சேர்த்தால், இரண்டும் பெரும்பாலும் மெதுவானதன் வேகத்தில் ஓடும். ஆகவே பழைய துண்டு 1333-ஆக இருக்க, அதிக விலை கொடுத்து 1866 வாங்கி அதனோடு சேர்ப்பது வீண் ஆடம்பரம். ஒரே அளவுள்ள இரண்டு துண்டுகளை ஜோடியாகப் போடுவது நல்லது. மெமரிக்குப் போய்வரும் வழி இரட்டிப்பாகிறது.

முதலில் நோய் எது?

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மந்தத்துக்கெல்லாம் மெமரியே காரணமல்ல. கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று பொத்தான்களையும் சேர்த்து அழுத்தினால் 'டாஸ்க் மேனேஜர்' திறக்கும். விண்டோஸ் 10-இல் அதன் 'பெர்பார்மன்ஸ்' பக்கத்தில் மெமரி எவ்வளவு நிரம்பியிருக்கிறது, எத்தனை பள்ளங்களில் எத்தனை பயனில் உள்ளன, வேகம் என்ன என்பவை தெரியும். வழக்கமான வேலையின்போது மெமரி பாதிகூட நிரம்பாமல், டிஸ்க் மட்டும் நூற்றுக்கு நூறு என்று திணறினால், மாற்றவேண்டியது சுழலும் பழைய ஹார்ட் டிஸ்க்கைத்தான். அங்கே மெமரி சேர்ப்பது, வயிற்றுவலிக்காரனுக்குக் கண்ணில் மருந்து விடுவது போலாகும்.

விண்டோஸ் 10-க்கான இலவசப் பாதுகாப்பு உதவியின் பொதுக்கெடு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்தது. "ராம் சேர்த்தால் விண்டோஸ் 11 போட்டுவிடலாம்" என்று சிலர் ஆசை காட்டுகிறார்கள். விண்டோஸ் 11-க்குக் குறைந்தது 4 ஜி.பி. போதும், ஆனால் அதற்கு ஏற்ற புதிய பிராசஸரும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு அமைப்பும் வேண்டுமென்று மைக்ரோசாப்ட் விதித்துள்ளது. மெமரியைக் கூட்டினால் இவை வந்துவிடாது. பலகைக்கு வயதாகிவிட்டதென்றால், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸைப் போட்டுப் பிள்ளையின் படிப்பைத் தொடரலாம்.

இவ்வளவு எச்சரிக்கை இப்போது ஏன்? 2025-இன் பிற்பகுதியில் மெமரி விலை கடுமையாக ஏறியது. செயற்கை அறிவுக்கான பெரும் தகவல் மையங்களுக்குத் தேவையான மெமரியைச் செய்வதில் தொழிற்சாலைகள் முனைந்தன. சாதாரண மக்களுக்கான சரக்குக்குத் தட்டுப்பாடு வந்தது. எங்கோ கட்டும் மையத்தின் விலை ராபர்ட்சன்பேட்டைக் கடையிலும் எதிரொலிக்கிறது. விலை ஏறும் காலத்தில்தான் பழையதைப் புதிதென்று விற்பதும், பொருந்தாததைத் தள்ளிவிடுவதும் பெருகும்.

பில்லில் ஒரு வரி

கடைக்காரர்கள் எல்லோரையும் குற்றம் கூறுவது நியாயமாகாது. தன் கம்ப்யூட்டரின் மாதிரி எண்கூடத் தெரியாமல் வந்து நிற்பவருக்கு எதை எடுத்துக் கொடுப்பது? ஆனால் தெரியாதவனிடம் இரண்டு கேள்வி கேட்டுச் சரியானதைத் தருவதுதான் வியாபார தர்மம். அது சிலரிடம் இல்லை. "ராம் 8 ஜி.பி." என்று மட்டும் எழுதிய துண்டுக் காகிதம், சண்டை வந்தால் யாருக்கும் சாட்சியாகாது.

ஆகவே வாங்குகிறவர் இரண்டு காரியம் செய்யவேண்டும். கம்ப்யூட்டரை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, பெட்டியின் இரும்பைத் தொட்டுவிட்டு, உள்ளிருக்கும் பழைய துண்டைக் கழற்றி ஒரு காகிதத்தில் சுற்றிக் கையோடு கொண்டுபோகவேண்டும். பலகையின் எண்ணையும் எழுதிக்கொள்ளவேண்டும். அடுத்து, பில்லில் தலைமுறை, அளவு, வேகம், புதிதா பழையதா, பொருந்தாவிட்டால் எத்தனை நாளில் திரும்பப் பெறப்படும் என்பவற்றை எழுதி வாங்கவேண்டும். வீட்டுக்கு வந்ததும் ஓர் இரவு முழுதும் மெமரி சோதனை ஓடவிட்டால் குறை வெளிப்பட்டுவிடும்.

சட்டமும் துணை நிற்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில் தர மறுப்பதும், பழைய பொருளைப் புதிதென்று விற்பதும் முறையற்ற வணிகம். குறையுள்ள பொருளைப் பில்லில் கண்ட கெடுவுக்குள்ளும், கெடு எழுதாவிட்டால் முப்பது நாளுக்குள்ளும் திரும்பப் பெற மறுப்பதும் அப்படியே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. சில ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கட்டணமும் கிடையாது. பில் இல்லாதவர் மட்டும் எங்கே போனாலும் வெறுங்கையோடுதான் நிற்கவேண்டும்.

தங்கவயலில் கம்ப்யூட்டர் படித்த இளைஞர்களுக்குப் பஞ்சமில்லை. நாள்தோறும் பெங்களூருக்குப் போய் அடுத்தவர் கம்பெனிக் கம்ப்யூட்டர்களைச் சீர்செய்பவர்கள், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் தெருவாசிகளின் பலகை எண்ணைப் பார்த்து, வாங்கவேண்டியதைச் சீட்டில் எழுதிக் கொடுக்கலாம். அதற்கு நிதி வேண்டாம், கட்டடம் வேண்டாம். பாதாளத்தில் இறங்கிப் பொன் எடுத்த தலைமுறையின் பேரப்பிள்ளைகள் படிக்கும் கம்ப்யூட்டர், ஒரு துண்டு மெமரி பொருந்தாததால் மூலையில் கிடக்கக்கூடாது. கடைக்காரர் பில்லில் ஒரு வரி கூடுதலாக எழுதட்டும். வாங்குகிறவர் அதை எழுதச் சொல்லிக் கேட்கட்டும். கூச்சப்பட்டுக் கேளாமல் வந்தால் நட்டம் அவருக்குத்தான்.