கூரையை இறுக்கினால் கட்டணம் குறையுமா?

வீட்டைப் புயல் தாங்கும்படி பலப்படுத்துங்கள், காப்புறுதிக் கட்டணம் தானாகக் குறையும், போட்ட காசு சில வருடங்களில் கைக்கு வந்துவிடும் என்பது ஒவ்வொரு அனர்த்தத்துக்குப் பின்னும் கேட்கும் அறிவுரை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் இலங்கை முழுவதும் 600க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோனது. மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் ஊவா மாகாணத்தின் பதுளையும் ஒன்று. கூரையைப் பலப்படுத்துவது நல்லது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் அதற்குக் காப்புறுதி பரிசு தரும் என்ற மறுபாதி, ஊவாத் தேயிலைத் தோட்டங்களைப் பொறுத்தவரை ஒப்பேறாத கணக்கு. அதை நம்பினால் செலவு முழுவதும் தோட்டத் தொழிலாளியின் தலையில் விழும், செலவழிக்க வேண்டியவர்கள் ஒதுங்கிக்கொள்வார்கள்.

இந்தக் கணக்கு எங்கே பிறந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். 1992இல் அன்ட்ரூ சூறாவளி அமெரிக்காவின் ஃபுளோரிடாவைச் சிதைத்த பிறகு அங்கே கட்டடச் சட்டம் இறுகியது. காற்றைத் தாங்கும் கூரை, சுவரோடு கூரையைப் பிணைக்கும் உலோகப் பட்டி, ஜன்னலுக்கு மறைப்பு ஆகியவை இருந்தால் கட்டணத்தில் கழிவு கொடுத்தே ஆக வேண்டும் என்று காப்புறுதி நிறுவனங்களைச் சட்டம் கட்டாயப்படுத்தியது. அலபாமா மாநிலமும் 2009இல் தன் கரையோரப் பகுதிக்கு அப்படியொரு சட்டம் கொண்டுவந்தது. பின்னர் கூரையை மாற்றுவதற்கு ஒரு வீட்டுக்கு 10,000 டொலர் வரை மானியமும் கொடுத்தது. ஆக, இந்த யோசனைக்கு உதாரணமாகக் காட்டப்படும் இடங்களிலேயே கழிவு தானாக வரவில்லை, சட்டம் போட்டுத்தான் வாங்கினார்கள். அலபாமாவில் கூரைச் செலவிலும் பொதுப்பணம் இருக்கிறது. இதை விட்டுவிட்டு, 'வீட்டுக்காரர் செலவழித்தார், கட்டணம் குறைந்தது' என்ற பகுதியை மட்டும் இங்கே தூக்கிவருவது நியாயமில்லை.

அடுத்தது, நம்மைக் கொல்வது எது என்பது. அந்தச் சட்டங்கள் எல்லாம் காற்றுக்கானவை. ஊவாவிலும் காற்று உண்டு. ஊவாத் தேயிலைக்கு அதன் தனி வாசனையைக் கொடுக்கும் ஆடி மாதத்து வறண்ட காற்றுத்தான் நமுனுகுலையிலும் மடுல்சீமையிலும் தகரத்தைப் பிடுங்கி எறிகிறது. ஆனால் ஆட்களைக் கூட்டமாகக் கொண்டுபோவது மண். டித்வா மலைநாட்டுக்கு வந்தது பெரும்பாலும் மழையாகத்தான். கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலை லயன்களை (தொழிலாளர் வரிசை வீடுகளை) வரிசையாக மூடிய மண்ணுக்கு முன்னால் எந்தக் கூரைப் பட்டியும் நின்றிருக்காது. அந்த இடத்திலிருந்து ஆட்களை எழுப்ப வேண்டும் என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. ஒன்பது வருட அவகாசம் இருந்தும், அவர்கள் மாற்றிடத்துக்குக் கொண்டுபோகப்படவில்லை. 2023 மார்ச்சில் பூனாகலை கபரகலைத் தோட்டத்திலும் லயன்களின் மேல் மண் சரிந்தது. சரியும் சாய்வில் நிற்கும் வீட்டுக்குச் செய்யக்கூடிய ஒரே மேம்பாடு, அதை அங்கிருந்து வேறிடத்துக்குக் கொண்டுபோவதுதான். அது ஆணி சுத்தியல் வேலையல்ல, காணி கொடுக்கும் வேலை.

மூன்றாவது, யாருடைய வீடு? ஒரு பொருளைக் காப்புறுதி செய்ய, அது அழிந்தால் நட்டப்படுபவர் நாம்தான் என்று காட்ட வேண்டும். லயன் காம்பராவில் நாலு தலைமுறையாக இருப்பவரிடம் அந்தக் காம்பராவுக்கு உறுதி கிடையாது. காணி 1970களில் அரசுடைமையானது. 1992இல் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் கைக்குப் போயின. காம்பராவில் ஓர் அறையை நீட்டிக் கட்டவே தோட்ட நிர்வாகத்திடம் போய் நிற்க வேண்டியிருக்கிறது. அப்படிப்பட்டவர் எந்த வீட்டின் பெயரில் காப்புறுதிப் பத்திரம் எடுப்பார்? எடுத்தாலும் அந்தக் கூரையை ஒருமுறை கிட்டப் போய்ப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு குடும்பங்களுக்கும் மேலே ஒரே தகர ஓட்டம். ஆணித் துளையைச் சுற்றித் துரு தின்று, துளை விரல் நுழையும் அளவுக்கு அகன்றிருக்கும். தகரத்தின் மேல் கல், பழைய டயர், கிராதிக் கட்டை. நடுக் காம்பராக்காரர் கடன் வாங்கிப் புதுத் தகரம் போட்டுக் கொக்கி ஆணி அடித்து இறுக்கினாலும், தொங்கல் காம்பராவின் தகரம் கிளம்பினால் காற்று உள்ளே புகுந்து வரிசையையே உரித்துக்கொண்டு போகும். பொதுக் கூரையைத் தனித்தனியாகப் பலப்படுத்த முடியாது. வரிசை முழுவதையும் ஒரே தடவையில் செய்ய வேண்டும். அதைச் செய்யக்கூடியவர் கட்டடத்தின் சொந்தக்காரர்.

நான்காவது, குறைப்பதற்குக் கட்டணம் எங்கே இருக்கிறது? இந்த நாட்டில் வீட்டுக் காப்புறுதி பெரும்பாலும் வங்கிக் கடனோடு வருவது. தீக் காப்புறுதியின் மேல் புயலும் வெள்ளமும் கூடுதலாகச் சேர்க்கப்படும். தோட்டத்தில் அது அபூர்வம். 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் 2016இல் ஒரு திட்டம் தொடங்கியது. இயற்கை அனர்த்தத்தில் சேதமான வீட்டுக்கு 25 இலட்சம் ரூபாய் வரை, கட்டணத்தை அரசே கட்டும் என்பது ஏற்பாடு. கொள்கையளவில் அது நல்ல ஏற்பாடு. ஆனால் குடும்பம் ஒரு சதமும் கட்டாத இடத்தில் கழிவு கொடுக்க எதுவுமில்லை. கூரையை மாற்றியவருக்கும் மாற்றாதவருக்கும் அங்கே ஒரே நிலைதான்.

இதற்கு மறுமொழியாக இரண்டு விஷயங்கள் சொல்லப்படலாம். காம்பரா சொந்தமில்லாவிட்டாலும் உள்ளே இருக்கும் சாமான் சொந்தம்தானே, அதைக் காப்புறுதி செய்யலாமே என்பது ஒன்று. செய்யலாம். ஆனால் தொலைக்காட்சிக்கும் அலுமாரிக்கும் நட்டஈடு வாங்குவது வீட்டுப் பாதுகாப்பு ஆகாது. மற்றது கனமானது. இந்திய உதவியில் தோட்டங்களில் 4,000 வீடுகள் கட்டும் திட்டம் வந்தது. 2017 மே மாதம் நோர்வுட்டில் இந்தியப் பிரதமர் மேலும் 10,000 அறிவித்தார். ஏழு பேர்ச்சஸ் காணியில் தனி வீட்டுக்குப் போனவர்களுக்கு இந்தத் தடைகள் இல்லையே என்று கேட்கலாம். உண்மை, இந்த வீடுகளில் கணக்கு மாறக்கூடும். உறுதி கையில் இருந்தால், சுவரின் தலையில் கொங்கிறீட் வளையம் ஓடி, கூரைச் சட்டம் அதில் பிணைக்கப்பட்டிருந்தால், அந்த இடத்துக்குக் கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் அனுமதி இருந்தால், கழிவு கேட்கும் தகுதி அந்த வீட்டுக்கு வரும். ஆனால் இந்த மூன்றும் வீடு கட்டும்போதே அரசும் கம்பனியும் செய்யக்கூடியவை. குடிவந்த பிறகு கொழுந்துச் சம்பளத்தில் சேர்த்துச் செய்யச் சொல்வதில் அர்த்தமில்லை.

பணத்தில் மிச்சம் வரக்கூடிய ஓர் இடம் இருக்கத்தான் செய்கிறது. நம்பிக்கை நிதியத்தின் திட்டம் போன்ற ஒரு பொதுத் திட்டம் தன் ஆபத்தை வெளிநாட்டு மறுகாப்புறுதி நிறுவனங்களிடம் விற்கிறது. அங்கே விலை பேசப்படுவது ஆயிரக்கணக்கான வீடுகளின் மொத்த ஆபத்துக்கு. ஹல்துமுல்லையிலும் பசறையிலும் சரிவுக்கு அடியில் நிற்கும் லயன்கள் காலியாகி, வடிகான்கள் வெட்டப்பட்டு, எஞ்சிய லயன்களின் கூரைகள் முழு வரிசையாக மாற்றப்பட்டால் அந்த விலையில் பேரம் பேசக் கொழும்புக்குக் காரணம் கிடைக்கும். ஆகவே கழிவைப் பெறக்கூடியவர் திறைசேரி. கூரைக்கும் காணிக்கும் பணத்தை முதலில் எடுத்து வைக்க வேண்டியதும் திறைசேரியும், காணியைக் குத்தகைக்கு வைத்திருக்கும் கம்பனிகளும்தான். மீரியபெத்தைக்காரர்கள் இரண்டு வருடம் முகாமில் கிடந்த பிறகே 2016இல் புது வீடுகளுக்குப் போனார்கள். டித்வாவில் இடம்பெயர்ந்தவர்களின் பெயர்ப்பட்டியல் இன்று பிரதேச செயலகங்களில் இருக்கிறது. அந்தப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கு எதிரேயும் காணியின் இலக்கமும், அங்கே குடியேறும் திகதியும் எழுதப்பட வேண்டும்.