மயிற்பொறியும் மாணவன் கையும்

சீவக சிந்தாமணியின் நாமகள் இலம்பகத்தைப் பாடஞ் சொல்லும்போதெல்லாம் தமிழாசிரியராகிய எமக்கு ஒரு பெருமிதம் வந்துவிடுகின்றது. சச்சந்தன் தன் தேவி விசயைக்கெனத் தச்சன் ஒருவனைக் கொண்டு மயில் வடிவில் ஓர் ஊர்தி செய்வித்தான். அதன் பொறியை வலமாகத் திருகினால் அது வானில் எழும், இடமாகத் திருகினால் நிலத்தில் இறங்கும் என்று திருத்தக்கதேவர் பாடியுள்ளார். புறநானூற்றிலோ, செலுத்துவோன் இன்றித் தானே செல்லும் விண்ணூர்தியை உறையூர் முதுகண்ணன் சாத்தனார் குறிப்பிடுகின்றார். “மேனாட்டார் கனவிலும் கருதாத காலத்தில் எம்மவர் விமானங் கண்டனர்” என்று மேசையைத் தட்டிச் சொல்வோம். மணி அடிக்கும், பாடம் முடியும்.

சென்ற ஆண்டு அவ்வாறு சொல்லிக்கொண்டிருந்த வேளையில் பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, “ஐயா, அந்த மயில் என்ன பாரம் இருந்திருக்கும்?” என்று வினவினான். வகுப்புச் சிரித்தது. யானும் சிரித்தேன். “காவியத்திலே பாரங் கேட்கிறாயா? இரு” என்று அவனை அமர்த்திவிட்டேன். அச் சிரிப்பைப் பற்றியே இக் கட்டுரை.

பெரும்போக வேளாண்மை வெட்டி முடிந்த நாள்களில் ஒரு மாலை, சித்தாண்டி வட்டையினூடே நடந்துகொண்டிருந்தேன். தலைக்கு மேல் ஓர் இரைச்சல் எழுந்தது. வரம்பில் எனக்கு முன்னே சென்ற முதியவள் ஒருத்தி சட்டென நின்று வானத்தை நோக்கினாள். அவள் எதனை நினைத்தாள் என்று கேட்க வேண்டியதில்லை. யானும் அதனையே நினைத்தேன். வானத்தில் ஒலி கேட்டால் பதுங்குகுழியை நாடி ஓடிய தலைமுறையினர் நாங்கள். அப்பால் நின்ற பையன் ஒருவன், “பயப்படாதீங்க அம்மம்மா, இது ரெஜிபோம்” என்று உரக்கச் சொன்னான். அவன் கையில் ஒரு வானொலிக் கட்டுப்பாட்டுப் பெட்டி இருந்தது. அவன் வேறு யாருமல்லன். பாரங் கேட்ட அதே மாணவன்.

மீன் பெட்டிக்கு உதவும் அந்த வெண்ணிற ரெஜிபோமை, வில்போல் வளைத்த சட்டத்திற் கட்டிய கம்பியை மின்னாற் சூடேற்றித் தகடு தகடாக அறுத்திருந்தான். மூங்கிற் சிராய்களைச் சிறகின் நெடுக்கே பதித்து உறுதியாக்கியிருந்தான். கண்ட கண்ட பசை ஆகாதாம். சில பசைகள் ரெஜிபோமையே கரைத்துவிடுமாம். முதலாவது ஊர்தியை அவ்வாறே இழந்தானாம். மோட்டாரும் மின்கலமும் கட்டுப்பாட்டுக் கருவிகளும் மட்டுமே கடையில் வாங்கியவை. அனைத்தும் சேர்ந்த எடை 310 கிராம். அந்த எண்ணை அவன் சொன்னபோதுதான் வகுப்பில் அவன் கேட்ட வினாவின் பொருள் எனக்கு விளங்கிற்று.

ஊர்தி குட்டிக்கரணம் இட்டது, தலைகீழாய்ச் சென்றது, ஈற்றில் மூக்கை வானுக்கு உயர்த்தி, அந்தரத்தில் அசையாது தொங்கிற்று. இது எவ்வாறு இயலும் என்றேன். அவன் விளக்கியது இது: பயணிகள் விமானம் சற்றே சரிந்தாலும் தானே நிமிர விரும்பும்படி அமைக்கப்படுகின்றது, வித்தை காட்டும் ஊர்தியோ எந்நிலையில் விட்டாலும் அந்நிலையிலேயே நிற்கும்படி அமைக்கப்படுகின்றது. அதன் சிறகு மேலுங் கீழும் ஒரே வடிவினது. ஆகலின் நேராய்ச் செல்வதும் தலைகீழாய்ச் செல்வதும் அதற்கு ஒன்றே. மோட்டார் இழுக்கும் விசை ஊர்தியின் எடையினும் மிகுதியாயின் அது செங்குத்தாகவும் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலானது பாரமையம். சிறகின் முன்விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் ஏறத்தாழக் காற்பங்கு முதல் மூன்றிலொரு பங்கு வரையான இடத்தில் அது விழவேண்டும். அளவுக்கு மேல் பின்னே போனால் ஊர்தி கைக்கு அடங்காது. முன்னே போனால் மூக்கைத் தாழ்த்தும். மின்கலத்தைச் சிறிது முன்னும் பின்னும் நகர்த்தியே அதனைச் சீர்செய்வான்.

இதனை அவன் தமிழிலேயே சொன்னான். கட்டுரைப் பாடத்தில் அவனுக்கு யான் நாற்பது புள்ளிக்கு மேல் இட்டதில்லை. “நானொரு பறவையானால்” என்ற தலைப்பில் அரைப் பக்கமும் எழுதமாட்டாதவன், பறக்கும் பொருளைப் பற்றி அரைமணி நேரம் ஒரு சொல்லும் மிகையின்றிப் பேசினான். குறை அவன் தமிழிலா, யான் கொடுத்த தலைப்பிலா?

இது வீண் விளையாட்டு, பரீட்சைக்கு உதவாது என்பர் சிலர். விளையாட்டிற் பிறந்ததே வானூர்தி என்பதை அவர்கள் நினைத்தல் வேண்டும். ரைட் சகோதரர் 1903இல் பறந்ததை யாவரும் அறிவர். 1899இல் ஐந்தடிப் பட்டம் ஒன்றைக் கட்டி, சிறகை முறுக்கித் திருப்பும் முறையை அதிற் சோதித்துப் பார்த்தே அவர்கள் தொடங்கினர். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் ஏறும் விசித்திரப் பட்டங்களைக் கண்டவர், முச்சை கட்டும் இடம் ஒரு விரல் மாறினாலும் பட்டம் குத்துக்கரணமிடும் என்பதை அறிவர். பாரமையம் எம்மவர்க்குப் புதிதன்று. செய்த ஆயத்தப் பொருளை விலைக்கு வாங்கலாமே என்பாரும் உளர். வாங்கியவன் பறக்கவிடக் கற்பான்; செய்தவன் ஏன் விழுந்தது என்பதையும் கற்பான்.

இனித் தமிழுக்கும் இதற்கும் என்ன தொடர்பு எனலாம். இராமேசுவரத்து மாணவர் ஒருவர் 1950களில் சென்னைத் தொழில்நுட்ப நிறுவனத்தில் வானூர்திப் பொறியியல் பயின்றார். அங்குள்ள தமிழ்ச் சங்கம் நடத்திய கட்டுரைப் போட்டியில், நம் விமானத்தை நாமே செய்வோம் என்ற கருத்தைத் தலைப்பாக்கித் தமிழில் எழுதி, ஆனந்த விகடன் ஆசிரியராயிருந்த தேவனிடம் முதற்பரிசு பெற்றார். அவரே பின்னாளில் இந்தியக் குடியரசுத் தலைவரான அப்துல் கலாம். மயிற்பொறியை எண்ணி மகிழ்வதோடு அவர் நின்றாரல்லர். அவரை எழுதச் சொல்ல ஒரு தமிழ்ச் சங்கமும் இருந்தது.

எம் மட்டக்களப்பு மண் ஈன்ற விபுலாநந்த அடிகளைக் காண்க. 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்வில் தேறியவர். இலண்டன் விஞ்ஞானப் பட்டமும் பெற்றவர். பழந்தமிழர்க்கு யாழ் இருந்தது என்று சொல்லி அவர் அமையவில்லை. நரம்பின் நீளத்தையும் சுருதியையும் கணக்கிட்டு, மறைந்த கருவியின் அமைப்பை ஆராய்ந்து, 1947இல் யாழ் நூலைத் தந்தார். என் மாணவன் கேட்ட பாரத்தை அடிகள் கேட்டிருப்பின் வகுப்புச் சிரித்திராது.

ஆகலின் தமிழாசிரியர்க்கு யான் விடுக்கும் வேண்டுகோள் இது: தவணைக்கு ஒரு கட்டுரையேனும் மாணவன் தன் கையால் செய்த பொருளைப் பற்றியதாக இருக்கட்டும். எப்பொருள், எவ்வளவு, எவ்வரிசையிற் செய்தது, எங்கே தவறியது என்பவற்றை அவன் எழுதட்டும். அதைப் படித்து இன்னொருவன் அப்பொருளைச் செய்ய முடியுமாயின் முழுப் புள்ளியும் கொடுக்கலாம். எல்லாவற்றுக்கும் புதுச்சொல் படைத்து அவனை அச்சுறுத்த வேண்டா. சர்வோ சர்வோவாகவே நிற்கட்டும். வால், சிறகு, முச்சை முதலியன அவனிடம் முன்பே உள்ளன. வாலிலுள்ள திருப்புதகட்டை அவன் தானாகவே சுக்கான் என்றான். கடலோடிகளின் சொல் வானத்துக்கும் பொருந்திற்று.

ஒன்று மட்டும் எச்சரிக்க வேண்டும். 2019 சித்திரைத் துயரின் பின் ஆளில்லா வானூர்திகளைப் பறக்கவிடுதல் இந் நாட்டில் நிறுத்தி வைக்கப்பட்டதை நாமறிவோம். சிவில் விமானச் சேவைகள் அதிகாரசபையின் விதிகளை அறிந்து, பெரியோர் துணையுடன், வீதியும் கூட்டமும் இல்லா வெளியிலேயே இவை பறத்தல் வேண்டும். வரம்பில் நின்ற அம் முதியவளுக்கும் முன்கூட்டியே சொல்லியிருத்தல் வேண்டும். அவள் வானத்தை அச்சமின்றி நோக்கும் நாள் வருவது அம் மாணவரின் பொறுப்பும் ஆகும்.

வீடு திரும்பி நாமகள் இலம்பகத்தை மீண்டும் விரித்தேன். இத்தனை ஆண்டும் யான் விரைந்து கடந்த ஒரு செய்யுள் கண்ணிற் பட்டது. துணியும் பசையும் நூலும் அரக்கும் மெழுகுங் கொண்டு ஏழு நாளில் அம் மயில் செய்யப்பட்டதெனத் தேவர் சொல்கின்றார். யாவும் பாரமற்ற பொருள்கள்! என் மாணவனின் வினாவைப் புலவர் முன்னமே கேட்டுக்கொண்டிருக்கின்றார். வருந் தவணையில் அச் செய்யுளை அவனைக்கொண்டே படிப்பிக்க எண்ணியுள்ளேன். வகுப்பில் இம்முறை எவரும் சிரியார்.