பிள்ளையார்பாளையத்துக்கு வரட்டும் நிரல் திருவிழா!



2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே வெளியிட்ட கணக்கு இது. இதில் 100-க்கு 44 பேருக்கு மேல் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். ஹெல்மெட் இல்லாமல் போய் உயிரை விட்டவர்கள் மட்டும் 50,029 பேர். அந்த 50,029-ல் 14,337 பேர் பின்னால் உட்கார்ந்து போனவர்கள்!

அதே ஆண்டு நாட்டிலேயே அதிக விபத்து பதிவான மாநிலம் நம்ம தமிழ்நாடு. 64,105 விபத்துகள். 17,884 உயிர்கள். ஒவ்வொன்றும் ஒரு வீட்டின் சோறு.

பிள்ளையார்பாளையத்தை நினைச்சுப் பாருங்க. பட்டு நூல், சரிகை, நெய்து முடிச்ச சேலை எல்லாம் பைக்கிலும் மொபெட்டிலும்தான் போகுது, வருது. ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு ஷிப்டுக்குப் போற பிள்ளைகள் விடியறதுக்கு முன்னாடியே வண்டியை எடுக்குறாங்க. கைலாசநாதர் கோயிலுக்கு வரும் வெளியூர் வண்டிகளும் இந்தப் பக்கம்தான். தறியில் உட்காரும் ஒரு கை முறிஞ்சா, அந்த வீட்டில் தறியே நின்னு போகும்.

இதில் ஒரு வேடிக்கை இருக்கு. நாடு முழுக்க ஓடும் பைக்குகள் நம்ம காஞ்சிபுரம் மாவட்டத்தில்தான் தயாராகுது. ராயல் என்ஃபீல்டு ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் இருக்கு. யமஹாவும் வல்லம் வடகாலில் இருக்கு. வண்டிகளைச் சோதிக்கும் உலகளாவிய வாகன ஆராய்ச்சி மையமும் ஒரகடத்தில்தான். வண்டி செய்யும் அறிவு நம்ம வாசலில் இருக்கு. அந்த அறிவு நம்ம தெருவுக்குள் வரணும். அதுதான் நம் கோரிக்கை.

எப்படி வரும்? வழி இருக்கு. ஹேக்கத்தான்! ஒரு சிக்கலைக் கொடுத்து, மாணவர்கள், பொறியாளர்கள், துறை அதிகாரிகள் எல்லாரையும் ஒரே இடத்தில் உட்கார வைத்துத் தீர்வு தேடும் நிகழ்ச்சி. 2017-ல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் அரசுத் துறைகள் கொடுத்த சிக்கல்களுக்கு மாணவர்கள் 36 மணி நேரம் விடாமல் உட்கார்ந்து தீர்வு தேடினாங்க. நம்ம மாநிலத்தில் 'நான் முதல்வன்' திட்டத்தின் கீழ் 'நிரல் திருவிழா' என்று அழகான தமிழ்ப் பெயரிலேயே நடக்குது. விபத்து நடந்த இடத்தையும் காரணத்தையும் போலீஸ் செயலியிலேயே பதிவு செய்யும் தரவுத் தளத்தை உருவாக்கியதும் சென்னை ஐஐடிதான். ஆக, ஆளும் இருக்கு, கருவியும் இருக்கு.

ஆனால் மேஜையைச் சுற்றி யார் உட்காரணும்? இங்கேதான் விஷயமே.

பைக்கின் பின் சக்கரத்தை மூடும் சாரி கார்டைப் பாருங்க. சேலை சக்கரத்தில் சிக்காமல் இருக்கத்தான் அது. 1989 மத்திய மோட்டார் வாகன விதிகளின் 123-ஆம் விதியே பின் சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மூடணும்னு சொல்லுது. கைப்பிடியும் கால் வைக்கும் இடமும் அதே விதியில் உண்டு. சேலை கட்டிப் பின்னால் உட்காரும் பெண்ணை மனசில் வைத்ததால் வந்த விதி அது. கணினி முன்னாடி மட்டும் உட்கார்ந்தால் இது தோணாது.

இன்னும் தீராத சிக்கல் எத்தனை! கொண்டையும் பூவும் வைத்த பெண்ணுக்குப் பொருந்தும் ஹெல்மெட் எங்கே? சித்திரை வெயிலில் கழற்றத் தோணாத ஹெல்மெட் எது? சேலைப் பெட்டியும் நூல் மூட்டையும் ஹேண்டிலைத் தொடாமல் ஏற்றும் தாங்கி எப்படி இருக்கணும்? 9 மாதத்திலிருந்து 4 வயது வரையுள்ள குழந்தைக்கு ஹெல்மெட்டும் பாதுகாப்புப் பட்டையும் வேணும்னு விதி இருக்கு. ஒரு நெசவாளி வாங்கும் விலையில் அதைச் செய்து தருவது யார்?

"ஹேக்கத்தான் நடத்தினா பள்ளம் மூடிடுமா?"ன்னு கேட்பாங்க. நியாயமான கேள்வி. மூடாது. பள்ளத்தை மூடுறதும், தெருவிளக்கு எரிய வைக்குறதும், வேகத்தடைக்கு வெள்ளை அடிக்குறதும் மாநகராட்சியின் வேலை. அதுக்குப் போட்டி தேவையில்லை. பரிசுக் காசோலையோடு போட்டோ எடுத்து முடியும் விழாவும் நமக்கு வேண்டாம்.

அதனால்தான் மூன்று கோரிக்கைகள்:

1. காஞ்சிபுரத்தில் சாலைப் பாதுகாப்புக்கென்றே ஒரு நிரல் திருவிழா. சிக்கலைச் சொல்லும் இடத்தில் நெசவாளி, ஷிப்டு தொழிலாளி, ஆட்டோ ஓட்டுநர், 108 ஊழியர், அரசு மருத்துவமனை செவிலியர் உட்காரணும்.

2. எந்த முனையில், எந்த நேரத்தில் விபத்து அதிகம் என்ற தகவல், பெயர் விவரம் நீக்கி, வார்டு வாரியாக மக்களுக்குத் தெரியணும்.

3. வென்ற தீர்வுக்குப் பணமும் தேதியும் முன்பே ஒதுக்கணும். ஆறு மாதம் ஒரு தெருவில் ஓட்டிப் பார்த்து, பலன் இருந்தால் ஊர் முழுக்கக் கொண்டு போகணும்.

விபத்து நடந்த முதல் 48 மணி நேரத்துக்கு இலவச சிகிச்சை தரும் 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் 2021 டிசம்பர் 18-ல் தொடங்கியது. அடிபட்டவரைக் காப்பாற்ற அது இருக்கு. அடிபடாமல் காப்பாற்ற என்ன இருக்கு என்பதே நம் கேள்வி.

பட்டுச் சேலையில் கோர்வை போட இரண்டு பேர் வேணும். ஒருத்தர் மட்டும் உட்கார்ந்தால் கரையும் உடலும் சேராது. இதுவும் அப்படித்தான். அரசும் தெருவும் சேர்ந்து நெய்யணும்.

தோழர்களே, இந்த வாரம் உங்கள் தெருவில் ஆபத்தான முனை எதுவென்று எழுதி, வார்டு உறுப்பினர் கையில் மனுவாகக் கொடுங்க. நம்ம ஆட்கள் கூட வருவாங்க. கூட்டத்துக்கு வண்டியில் வரும்போது ஹெல்மெட் போட்டு, பட்டையை மாட்டிட்டு வாங்க. பின்னால் உட்காருபவரும்தான்!

#சாலைப்பாதுகாப்பு #பிள்ளையார்பாளையம் #காஞ்சிபுரம்