அரசு நடத்தினால் சூது ஆகாதா?

பரிசுச் சீட்டு சூதுதானா என்னும் வினா நம்மிடம் அடிக்கடி வைக்கப்படுகிறது. வைப்பவர்கள் சூதாடிகள் அல்லர். ஐவேளை தொழுபவர்கள், பிள்ளைகளை ஓத வைப்பவர்கள், வணிகத்தின் பொருட்டு மலையாள நாட்டிற்குச் சென்று வருபவர்கள். "அரசாங்கமே நடத்துகிறது, ஏழை நோயாளிக்குப் பணம் போகிறது, பரிசு விழாவிட்டாலும் தருமமாகப் போகட்டுமே" என்பது அவர்கள் வாதம். இவ்வாதத்தின் கடைசித் துண்டுக்குத்தான் நாம் பெரிதும் அஞ்சுகிறோம். பாவமென்று அறிந்து பாவம் செய்பவனுக்குத் தவ்பாவின் வாசல் தெரியும். தருமமென்று எண்ணிச் செய்பவனோ அவ்வாசலைத் தேடவே மாட்டான்.

கேரளத்தில் அரசுப் பரிசுச் சீட்டுத் துறை 1967இல் தோன்றிற்று. இந்தியாவில் ஒரு மாநில அரசு தானே சீட்டு நடத்தப் புகுந்தது அதுவே முதல் முறை. 1968 ஜனவரி 26 அன்று முதற் குலுக்கல். சீட்டு 1 ரூபாய், முதற் பரிசு 50,000 ரூபாய். அதற்கு வித்திட்ட நிதியமைச்சர் பி. கே. குஞ்ஞு சாகிப் என்பதை மறைக்காமலே எழுதுகிறோம். பெயரைப் பார்த்து மார்க்கம் தன் தீர்ப்பை மாற்றிக்கொள்வதில்லை. இன்று வாரத்தின் ஏழு நாளும் ஏழு பெயர்களில் குலுக்கல் நடக்கிறது. போதாக்குறைக்கு ஓணம், விஷு, கிறிஸ்துமஸ் எனப் பண்டிகைதோறும் பம்பர். ஓணம் பம்பரின் முதற் பரிசு 2022இல் 25 கோடி ரூபாயாக உயர்ந்தது. சீட்டின் விலை 500 ரூபாய். 2011இல் தொடங்கிய ஒரு சீட்டுக்குக் 'காருண்யா' என்று பெயரிட்டு, அதன் வருவாயை ஏழை நோயாளிகளின் சிகிச்சைக்கென்று அறிவித்தார்கள். நம் சகோதரர்கள் சுட்டிக்காட்டும் தருமம் இதுவே.

அவர்களுக்கு நாம் அறியாமைக் கால அரபகத்தைக் காட்ட விரும்புகிறோம். 'மைஸிர்' என்றதும் பகடையும் சீட்டுக்கட்டும்தான் நம்மவர் நினைவுக்கு வருகின்றன. அரபிகளின் மைஸிர் அதுவன்று. ஓர் ஒட்டகத்தை விலைபேசி அறுத்து, இறைச்சியைப் பங்குகளாக வகுப்பார்கள். பையொன்றில் பத்து அம்புகள் இருக்கும். ஃபத்து, தவ்அம், ரகீப், ஹில்ஸ், நாஃபிஸ், முஸ்பில், முஅல்லா என்னும் ஏழு அம்புகளுக்கு ஒன்று முதல் ஏழு வரை பங்குகள் உண்டு. எஞ்சிய மூன்றும் வெறும் அம்புகள். நேர்மையாளன் எனப் பெயர்பெற்ற ஒருவன் பைக்குள் கைவிட்டு, ஒவ்வொருவர் பெயராலும் ஓர் அம்பை எடுப்பான். வெறும் அம்பு வந்தவன் ஒட்டகத்தின் விலையைக் கட்டவேண்டும். பங்கு வென்றவனோ அதில் ஒரு துண்டையும் தான் உண்ணாமல், அனைத்தையும் ஏழைகளுக்கே கொடுத்துவிடுவான். அதில்தான் அவனுக்குப் பெருமை. ஆட்டத்தில் சேராதவனைக் கஞ்சன் என்று பழித்துப் 'பரம்' எனப் பட்டஞ்சூட்டினார்கள். இமாம் ஸமக்ஷரீயின் 'கஷ்ஷாஃப்' இதனை விரித்துரைக்கிறது.

பரிசுகளில் ஏற்றத்தாழ்வு, வெறுஞ்சீட்டு, நடுவர் முன்னிலையில் குலுக்கல், ஏழைக்கு உதவி: இவற்றுள் எது அங்கே இல்லை? வேற்றுமை ஒன்றே. அங்கே வென்றவன் தனக்கென எதையும் வைத்துக்கொள்ளவில்லை. இங்கே வென்றவன் கோடிகளை வீட்டிற்குக் கொண்டுபோகிறான். அப்படியிருந்தும் அந்த மைஸிரையே அல்லாஹ் விலக்கினான். அதில் மக்களுக்குச் சில பயன்கள் உண்டென்பதை அல்பகராவின் 219ஆம் வசனம் மறுக்கவில்லை; பயனைவிடப் பாவமே பெரிது என்று நிறுத்துக் காட்டுகிறது. பின்னர் அல்மாயிதாவின் 90ஆம் வசனம் மதுவோடு சேர்த்து முற்றாகத் தடுத்தபோது, ஏழைக்கு இறைச்சி கிடைக்கிறதே என்று ஒரு விதிவிலக்கும் வைக்கப்படவில்லை. 'காருண்யா' வாதத்திற்கு விடை பதினான்கு நூற்றாண்டுகளுக்கு முன்பே வந்துவிட்டது.

ஸகாத் செல்வனிடம் எடுத்து வறியவனிடம் சேர்ப்பது. இச்சீட்டை யார் வாங்குகிறார்கள் என்று பேருந்து நிலையத்தில் ஒரு நாழிகை நின்று பாருங்கள். கூலியாள், சுமை தூக்குபவர், ஆட்டோ ஓட்டுபவர். ஏழையின் சட்டைப்பையில் எடுத்து ஏழைக்கு மருந்து வாங்கித் தருவதற்குக் காருண்யம் என்றா பெயர்?

கணக்கும் கேளுங்கள். ஆறு இலக்க எண்கள் 9 லட்சம். அவற்றைப் பன்னிரண்டு வரிசைகளில் அச்சிட்டால் 1 கோடியே 8 லட்சம் சீட்டுகள். நாளொன்றுக்கு ஒரு சீட்டு வாங்குபவன் அத்தனையையும் வாங்கித் தீர்க்க 29,000 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். 50 ரூபாய்ச் சீட்டென்றால் ஆண்டுக்கு 18,250 ரூபாய் போகிறது. ஒரு பிள்ளையின் படிப்புச் செலவு அது! கடைசி நான்கு எண்களுக்கு விழும் சிறு பரிசுகள்தாம் அவனை மறுநாளும் கடைக்கு இழுக்கின்றன. தூண்டில் இரையை மீன் விழுங்குவதற்கு வள்ளுவர் இவ்வெற்றியை ஒப்பிட்டது எத்துணைப் பொருத்தம்!

அரசு நடத்துவதால் தன்மை மாறிவிடாது என்பதை நாம் மட்டும் சொல்லவில்லை. அரசு நடத்தினாலும் லாட்டரி சூதாட்டமே என்று உச்ச நீதிமன்றம் 1999இல் கூறிற்று. 2025 செப்டம்பரில் அதற்கு விதிக்கப்பட்ட 40 விழுக்காடு வரியும், சூதாட்ட விடுதிக்கும் குதிரைப் பந்தயத்திற்கும் உரிய அதே வரிதான். வரி வாங்குபவருக்குத் தெரிந்தது, தொழுகையாளிக்குத் தெரியவில்லையா?

தமிழகமும் 1968இல், 'விழுந்தால் வீட்டுக்கு, விழாவிட்டால் நாட்டுக்கு' என்று சீட்டு விற்ற மாநிலந்தான். 2003 ஜனவரியில் இங்கே அது தடைசெய்யப்பட்டது. ஆனால் தடை எல்லைக்கோட்டோடு நின்றுவிடுகிறது. வாளையாற்றிலும் ஆரியங்காவிலும் போய்ச் சீட்டு வாங்கி வருபவர்களில் நம்மவரும் உண்டு. கேரளக் குலுக்கலின் கடைசி எண்களை வைத்துத் துண்டுத்தாளில் எழுதிக்கொடுக்கும் 'மூன்று நம்பர்' சூது நம் தெருக்களில் நடப்பதை மறைத்துப் பயனில்லை. அந்தத் துண்டுத்தாள்களைச் சலவைக்குப் போடும் சட்டைப்பையில் முதலில் காண்பவர்கள் வீட்டுப் பெண்கள். அவர்கள் வாய்திறந்து கேட்கவேண்டும். கேட்கும் உரிமை அவர்களுக்கு உண்டு.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒன்று சொல்லவேண்டியிருக்கிறது. பரிசு விழுந்தவர் ஒரு பகுதியைப் பள்ளிவாசல் கட்டடத்திற்குத் தர முன்வந்தால், கணக்குப் புத்தகத்தைத் திறக்காதீர்கள். மினாரா இன்னும் சில ஆண்டுகள் பூச்சில்லாமல் நிற்கட்டும்.